புதன்கிழமைச் சோறு

மற்றவர்களின் சிறுநீரைப் பார்ப்பதுதான் நித்திலாவுக்கு வேலை. பெண் உயிர்வேதியியலில் முதல் வகுப்பு என்று அம்மா உறவினர்களிடம் சொல்வாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள். திருப்பூரில் நாற்பது வீடுகள் நித்திலாவின் பொறுப்பில் இருந்தன. வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஞாபகம் தப்பிய ஒருவரின் சிறுநீரில் காகிதப் பட்டையை முக்கி எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிர்மஞ்சள் என்றால் உப்பில்லாப் பத்தியம் ஒழுங்காக நடக்கிறது. கத்தரிக்காய்த் தோல் நிறம் என்றால் யாரோ உப்புப் போட்டிருக்கிறார்கள்.

மருந்து ஒரு லேகியம். நீர்ப்பிரமி, வல்லாரை, வாலுளுவை விதை. பழைய வைத்திய ஏடுகளில் இருந்ததுதான். நித்திலா வேலை பார்த்த கோயமுத்தூர்க் கம்பெனி அதிலிருந்த ஒரு மூலக்கூறைப் பத்து மடங்கு செறிவாக்கியிருந்தது, அவ்வளவே. காலையும் மாலையும் நெல்லிக்காயளவு. பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாமல் கிடந்தவர்கள் மூன்றாவது வாரத்தில் பேரனின் பள்ளிக்கூட வேன் நேரத்தைச் சொன்னார்கள். உப்பு மட்டும் ஆகாது.

மாரப்பன் வீட்டுக்கு அவள் எப்போதும் செவ்வாய்க்கிழமை போவாள். அந்த வாரம் செவ்வாயன்று மாரியம்மன் கோயில் நோம்பி, ஊரே விடுமுறை. அதனால் வெள்ளிக்கிழமை போனாள்.

கதவைத் திறந்த மருமகள் கவிதாமணியின் முகம் சுருங்கியது.

"என்னங்க, இன்னைக்கு வந்திருக்கறீங்க?"

"செவ்வாக்கெழம நோம்பிங்களே, அதான்..."

"ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாமுங்க. வீடு போட்டது போட்டபடி கெடக்குது."

வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பின்கட்டு அறை மட்டும் அப்படி இல்லை. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் மாரப்பன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருடம் சாயப் பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். பத்து நாளைக்கு முன்பு இதே மனிதர் நித்திலாவின் துப்பட்டாவைப் பார்த்து, "இது ரெண்டு தண்ணிக்குத் தாங்காது அம்மிணி, கடக்காரன் உங்கள ஏமாத்திப்போட்டான்" என்று சிரித்தார். இப்போது வேட்டி நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்திருந்தது. உதட்டோரம் ஒரு சோற்றுப் பருக்கை, அதன்மேல் ஈ. கைகள் மடியில் இல்லாத ஒரு துணியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தன.

"அய்யா, நித்திலா வந்திருக்கேன்."

நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் ஆள் இல்லை.

பட்டை முழுதாக நனைவதற்குள் கத்தரிக்காய் நிறம் ஏறிவிட்டது.

"நேத்துப் பட்டறைக்குப் போயிட்டாருங்க," என்றாள் கவிதாமணி, முந்தானையை மூக்கில் வைத்தபடி வாசற்படியில் நின்று. "துணியில சாயம் ஏர்றதுக்கு உப்புத்தானுங்க போடுவாங்க. மூட்ட மூட்டையா அடுக்கியிருக்குது. அந்தத் தூசி வாயில மூக்குல போயிருக்கும்."

நித்திலா நம்பினாள். நம்புவது அவளுக்கு எளிது. நம்பிவிட்டால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஈயை விரட்டி, அவர் வாயைத் துடைத்துவிட்டு, படிவத்தில் 'பணியிடத் தூசி' என்று எழுதினாள்.

பேருந்தில் போகும்போது அவளுக்குக் கல்யாண மண்டபம் நினைவு வந்தது. லேகியம் கொடுக்கத் தொடங்கிய நாளில் நாற்பது குடும்பங்களையும் அங்கே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். பத்தியத்தை விளக்குவது அவள் பங்கு. மேடையில் கால் நடுங்காமல் அவள் பேசியது வாழ்க்கையிலேயே அன்றுதான். "இந்த மருந்து மூளைக்குள்ள போறதுக்கு ஒரே ஒரு வாசல்தாங்க. உப்பு அதிகமானா அது போயி அந்த வாசலை அடைச்சுக்கும். ஒரு ஸ்பூன் உப்பு, மூணு நாள் போச்சு. அந்த மூணு நாள் மட்டுமில்ல, அதுக்கு முந்தி புதுசா மனசுல ஏறினதும் கரைஞ்சிரும். புது ஞாபகம் கெட்டியாகறதுக்கு ரெண்டு வாரம் விடாம மருந்து உள்ள போகணும்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டார். "அப்ப உப்ப நிறுத்திட்டா மறுக்கா தெளிஞ்சிருமுங்களா? நெரந்தரமா கெடுதல் ஏதும் இல்லீங்களே?"

"ஒண்ணும் ஆகாதுங்க. பயப்படாதீங்க," என்றாள் நித்திலா.

எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் குறித்துக்கொண்டார்கள். கேள்வி கேட்டவர் ஜெகதீசன், மாரப்பனின் மகன்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை மாரப்பன் வீட்டில் இல்லை. பட்டறையில் இருப்பதாகக் கவிதாமணி சொன்னாள். தூசிக்குப் பயந்து அவரை அனுப்பவே கூடாது என்று நித்திலா போன வாரம் சொன்னதற்கு இதே கவிதாமணிதான் தலையாட்டியிருந்தாள்.

ஜெகதீசன் இப்போது நடத்தும் அந்தப் பட்டறை ஆற்றங்கரையில் இருந்தது. ஆறு என்று பெயர். சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும் அதில் ஊதா நுரை மிதந்தது. உள்ளே கொதிக்கும் தொட்டிகளின் ஆவியும் அழுகிய முட்டை வாடையும். நித்திலா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

மாரப்பன் சன்னலோரம் நின்றிருந்தார். சட்டை சலவையில் மொடமொடத்தது. ஒரு கையில் வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரித் துணி, மறு கையில் பட்டறையில் சாயமேற்றிய துணி. இரண்டையும் வெயிலில் பிடித்து, புரட்டி, நிழலில் பிடித்தார்.

"டேய், கம்ப்யூட்டரு என்ன சொல்லுது?"

"சரியா இருக்குதுன்னு சொல்லுதுங்க மாஸ்டர்," என்றான் தொட்டியருகே நின்றவன்.

"அதுக்கென்ன, அது குளிரூட்டின ரூம்புல உக்காந்துட்டுச் சொல்லும். வெயில்ல பச்ச அடிக்குது பாரு. செவப்பு அரைக்கால் ஏத்து."

ஏழு அடி தள்ளி, சுவர் உயரத்துக்கு உப்பு மூட்டைகள். ஒன்று கிழிந்து தரையெல்லாம் வெள்ளை. நித்திலா அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கழிவறைக்கு அனுப்பிப் பட்டையை முக்கினாள். வெளிர்மஞ்சள். நாள் முழுக்க உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற மனிதரின் சிறுநீர் தண்ணீர்போல் சுத்தமாக இருந்தது.

தூசி இல்லை.

அவள் முகம் மாறியதை அவர் கவனித்துவிட்டார். நிறம் மாறுவதைக் கவனிப்பதுதானே அவர் தொழில்.

"வாங்க அம்மிணி, இப்படி உக்காரலாம்," என்று மூலையில் இருந்த மேசைக்கு அழைத்துப் போனார். இழுப்பறையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்தார். அது அவருடைய ஷேடு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் நகம் அளவு துணித் துண்டு ஒட்டி, பக்கத்தில் சாயக் கலவை எழுதியிருந்தது. புரட்டும்போதே கெமிக்கல் நெடி மூக்கில் ஏறியது. அதனால்தான் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை போல.

"தேதியப் பாருங்க."

திங்கள், செவ்வாய், புதன். அப்புறம் மறுபடியும் திங்கள், செவ்வாய், புதன்.

"வெசாழன், வெள்ளி, சனி எங்கீங்க அம்மிணி? ஞாயித்துக்கெழம பொழுது சாஞ்சுதான் எனக்குக் கண்ணு தெறக்குது. மறுக்கா புதன்கெழம வரைக்கும்தான். பையர் சாம்பிளு, அந்த வெளிநாட்டுத் துணி, வர்றது திங்கக்கெழம."

அவர் பக்கத்தைப் பின்பக்கம் திருப்பினார். கலவை இல்லாத பக்கம். நடுங்கும் எழுத்தில் ஒரே வரி: *துளசிமணி இல்லை. ரெண்டு வருசமாச்சு. கேக்காதே.* ஒவ்வொரு திங்களுக்கும் அதே வரி, அதே எழுத்து.

"எம் பொண்டாட்டி," என்றார். "எனக்கு நெனவு இல்லாத காலத்துல செத்துப்போனாளாமா. கொள்ளி வெச்சது ஜெகதீசன். பக்கத்துல என்னையும் நிக்க வெச்சிருக்கறாங்க. போட்டோ காட்டறாங்க, நான் சிரிச்சுட்டு நிக்கறேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவ எங்கன்னு கேக்கறனாமா. ஒவ்வொரு வாட்டியும் புதுசாச் சொல்றாங்க. நானும் புதுசா அழுகறேன். இத எழுதி வெச்ச பொறவு திங்கக்கெழம கேக்கறதில்லீங்க, படிச்சுக்கறேன்."

அவர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். *புதன் ராத்திரி சோறு ருசி.* அதன் கீழே அடுத்த வாரத் தேதியில்: *மறுக்கா ருசி.*

"ருசியா வந்தா அடுத்தது ஞாயிறுதான். நோட்ட ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி எழுதி வெச்சிருக்கறேன், படிக்கவும் செய்யறேன். ஆனா அம்மிணி..." அவர் குரல் தாழ்ந்தது. "மூணு நாளு மண்ணு மாதிரி தின்ன நாக்கு. அரிசிம்பருப்புச் சோத்துல நெய்ய ஊத்தி, உப்புப் போட்டு, மருமவ முன்னால வெச்சா, வேண்டாம்னு சொல்லோணும்னு கை போகுது. வாயி கேக்கறதில்ல. தின்னுடறேன். நாயி மாதிரி."

தொட்டியில் ஆவி சீறியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயத்துல துணிய முக்கிட்டு, பிடிக்கறதுக்குள்ள எடுத்து அலசினா அத்தனையும் ஓடிரும். நேரம் குடுக்கோணும். எனக்குப் பதினாறு நாளு வேணுமுங்க. அவளுக்குப் பதினாறு கும்பிட நான் நெனவோட இல்ல. விட்டு விட்டு இல்லாம, ஒரேயடியாப் பதினாறு நாளு அவ செத்துட்டான்னு தெரிஞ்சுட்டு இருக்கோணும். அதுக்கப்பறம் என்ன வேணா ஆவட்டும்."

"நான் பாக்கறேங்க," என்றாள் நித்திலா. அப்படி யாரிடமும் அவள் சொன்னதில்லை.

*

அன்று பகலே மாரப்பன் வீட்டுக்குப் போனாள். ஜெகதீசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது, நெற்றியில் திருநீறு, நல்ல மனிதன் என்று தெருவில் பெயர். அவள் பட்டையின் நிறங்களைச் சொன்னாள், கிழமைகளைச் சொன்னாள். மறுப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் ரசத்தை உறிஞ்சிவிட்டுத்தான் பேசினான்.

"ஆமாங்க. போடறோம்."

"எதுக்குங்க?"

"நீங்க ஒரு வாரம் வந்து இருந்து பாருங்க. ஞாயித்துக்கெழம அழுகறாரு, திங்கக்கெழம அழுகறாரு. புதன்கெழமையானா சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கறாரு. அம்மாளுக்கு யாரு மருந்து குடுத்தா, எந்த ஆசுபத்திரி, எத்தன மணிக்குப் போச்சு உசுரு... போலீசு மாதிரி. நானும் மனுசன்தானுங்க."

"அப்ப திங்கள்ல இருந்து புதன் வரைக்கும்?"

கவிதாமணி சொன்னாள். "ஷேடு பாக்கோணுமுல்லீங்க."

சொல்லிவிட்டு அவளே தொடர்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "மறதியில இருந்தப்பக் கூடச் சமாளிச்சுட்டோமுங்க. பீ மூத்திரம் அள்ளினா முடிஞ்சது. முழுசா எல்லாம் தெரிஞ்சுட்டு, ஒரு மூலையில உக்காந்துட்டு, எங்களையே பாத்துட்டு இருக்காரு பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

"ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்கன்னு சொன்னது நீங்கதானுங்களே?" என்றான் ஜெகதீசன், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு. "நாங்களா ஒண்ணும் கண்டுபிடிக்கல."

நித்திலா தரையைப் பார்த்துக்கொண்டே முதல் பொய்யைச் சொன்னாள். "கோயமுத்தூர்ல இருந்து உத்தரவு வந்திருக்குதுங்க. இன்னையில இருந்து பதினாறு நாள் தினமும் சோதனை. ஒரு நாள் உப்புக் காட்டினாலும் லேகியத்த நிறுத்திருவாங்க."

ஜெகதீசனின் கை தட்டிலேயே நின்றது. ஒரே நிறத்தில் மூன்று லாட் துணி அந்த மாதம் போக வேண்டியிருந்தது. மனைவியைப் பார்த்தான்.

"பதினாறு நாளுதானுங்களே?"

*

அந்த வாரம் முழுவதும் மற்ற வீடுகளுக்கும் சொல்லாமல், நாள் மாற்றிப் போனாள். நாற்பதில் பதினேழு வீடுகளில் பட்டை நிறம் மாறியது.

ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பேரனின் பரீட்சை மாதத்தில் மட்டும் தெளிவாக இருந்தார். ஒரு வீட்டில் மாமியாருக்கு ஒறம்பரை வருகிற அன்று உப்பு. வந்த விருந்தாளிகளிடம் பழசைச் சொல்லிவிடுவாளாம். ஒருவரை ஓய்வூதிய அலுவலகத்தில் ஆளைக் காட்டுவதற்காக வருடத்தில் ஒரு வாரம் தெளியவைத்தார்கள். ஒரு வீட்டில் கேட்டதற்கு, "டிவி மாதிரித்தாங்க, எந்நேரமும் ஓடினா எப்படி?" என்று சிரித்தார்கள். காபி கொடுத்தார்கள். நித்திலா குடித்தாள், வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா வைத்த குழம்பில் உப்பு நாக்கில் பட்டதும் எழுந்துவிட்டாள். "வயித்துல ஏதாச்சும் கோளாறா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றாள்.

பதினேழு வீடுகளையும் நாள், நிறம், காரணம் என்று எழுதி, கோயமுத்தூரில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் டாக்டர் பத்மலோசனியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாரப்பனின் வீடு மட்டும் இப்போது சுத்தம் என்று, அன்றுவரையிலான வெளிர்மஞ்சள் பட்டைகளை வரிசையாக ஒட்டியிருந்தாள். விடாமல் பத்தியம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி என்று நினைத்தாள்.

பத்மலோசனி உப்பும் எலுமிச்சையும் போட்ட சோடாவைக் குடித்துக்கொண்டே அறிக்கையை இரண்டு முறை படித்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் பளபளத்தன.

"எத்தனை மணி நேரத்துல மறக்கறாங்க?"

"மேடம்?"

"உப்புப் போட்டதுல இருந்து. எட்டா, பன்னெண்டா? எழுதலையே."

"மேடம், அவங்க வேணும்னே பண்றாங்க. சொந்த அப்பா அம்மாவை."

"உட்காரு நித்திலா." குரல் இதமாக இருந்தது. "போன வருஷம் ஈரோட்டுல முப்பது வீடு. அதுல பதினோரு வீடு லேகியத்தையே நிறுத்திட்டாங்க. ஏன்னு இப்பத்தான் புரியுது. ஏழு நாளும் தெளிவா இருக்கற ஒரு வயசானவரை எந்த வீடு தாங்கும், சொல்லு? திருப்பூர்ல ஒருத்தர்கூட நிறுத்தல. ஏன்? உப்பு இருந்துச்சு. மூணு நாளாவது அவங்க மனுஷங்களா இருக்காங்க இல்லையா?"

நித்திலா அறிக்கையில் ஒட்டியிருந்த வெளிர்மஞ்சள் பட்டைகளைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆனா உப்பு நல்லதில்ல. ரத்தக்கொதிப்பு ஏறும். அதே வாசலை அடைக்கற வேற பொருள் நம்மகிட்ட இருக்கு. கீழ்த்தளத்துல ரெண்டு வருஷமாத் தூங்குது, எதுக்குன்னு தெரியாம இருந்தோம். ருசி கிடையாது, மணம் கிடையாது. அளவா, பொட்டலமாக் குடுத்தா பாதுகாப்பு. 'ஓய்வுப் பொடி'ன்னு வெச்சுக்கலாம்." சோடாவின் அடியில் தங்கிய உப்பை ஸ்பூனால் கலக்கினார். "நல்ல வேலை செஞ்சிருக்க. அறிக்கையில உன் பேரையும் போடறேன்."

"வேண்டாம் மேடம்," என்றாள் நித்திலா. பேரைச் சொன்னாளா பொடியைச் சொன்னாளா என்று அவளுக்கே தெளிவில்லை. பத்மலோசனி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

*

மாரப்பனின் பதினாறு நாட்கள் நடந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள், முதல் முறையாக, வியாழக்கிழமை என்று நோட்டில் தேதி எழுதினார். எழுதிவிட்டு நித்திலாவிடம் காட்டினார், பள்ளிக்கூடப் பையனைப்போல. ஐந்தாம் நாள் பீரோவைத் திறந்து துளசிமணியின் சேலைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பி, எது எந்த வருடம் எந்தத் தொட்டியில் சாயமேற்றியது என்று சொன்னார். ஆறாம் நாள் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் மகனைக் கூப்பிட்டு, "அம்மா கடைசியா என்ன கேட்டா?" என்றார். ஜெகதீசன் மின்விசிறியை நிறுத்தினான். அப்புறம், "உங்களத்தான் கேட்டுச்சு. நீங்க பக்கத்து ரூம்புல பாட்டுப் பாடிட்டு இருந்தீங்க," என்றான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் அவர் மறுபடி அதைக் கேட்கவில்லை. கேட்டது நினைவிருந்தது.

"பிடிக்குதுங்க அம்மிணி," என்றார் நித்திலாவிடம். "வலிக்குது. நேத்து வலிச்ச எடத்துலயே இன்னைக்கும் வலிக்குது. அப்படின்னா பிடிச்சுட்டு வருதுன்னு அர்த்தம்."

புதன்கிழமைகளில் சோறு ருசியில்லாமல்தான் வந்தது. மீதி வைக்காமல் சாப்பிட்டார்.

தினம் ஒரு பக்கம். துளசிமணியின் பழைய சேலை ஒன்றின் ஓரத்தை வெட்டி, நாளுக்கு ஒரு துண்டாக ஒட்டினார். அரக்குச் சிவப்பு. பக்கத்தில் கலவை எழுதாமல் அவளைப்பற்றி ஏதாவது ஒரு வரி எழுதினார். *கோபம் வந்தா பேரச் சொல்லிக் கூப்பிடுவா. புளிக்கொழம்பு அவளுக்கு வராது.* பதினாறாம் நாள் ஆற்றுக்குப் போக வேண்டும் என்றார். நுரை ஆறு வேண்டாம். மேலே, சாயம் கலப்பதற்கு முந்திய இடம். நித்திலா பேருந்து நேரம் பார்த்து வைத்தாள். அன்று போட ஒரு மாலைக்கும் சொல்லி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஞாயிறு அவள் வீடுகளுக்குப் போக வேண்டாம், கோயமுத்தூர் ஆட்களே குறுக்குச் சோதனைக்கு வருவார்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு அவள் வர வேண்டும்.

*

கூட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள். திரையில் ஓய்வுப் பொடியின் பொட்டலப் படம்: மூங்கில் நிழலில் சாய்வு நாற்காலி ஒன்று, காலியாக. அடியில், 'அவர்களுக்கும் வேண்டும் ஓய்வு.' எல்லோருக்கும் போண்டா வந்தது.

"மனிதர்களிடம் முதல் சோதனை நேற்று மாலை தொடங்கிவிட்டது," என்று பத்மலோசனி மேடையில் சொன்னார். "உப்பே கலக்காத ஒரு உடம்பு நமக்குத் தேவைப்பட்டது. பத்து நாளுக்குக் குறையாமல் தினமும் சோதித்து, பட்டை வெளுப்பாக இருந்தவர். நாற்பது வீட்டில் அப்படி ஒரே ஒருவர்தான். அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நம் நித்திலா. குடும்பமும் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டது."

கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் எண்ணெய்க் கையாலேயே அவள் தோளைத் தட்டினார்.

நித்திலா எழுந்தாள். எழுந்ததும் எல்லோரும் அவள் பேசப் போகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது கண்கள். அவள் நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து வெளியே போனாள். கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

திருப்பூர்ப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்தாள். பதினான்காம் நாள். இன்னும் இரண்டு நாள் என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். ஒருவேளை பொடி வேலை செய்யாமல் இருக்கலாம். முதல் சோதனைதானே.

கவிதாமணி இந்த முறை மலர்ந்த முகத்துடன் கதவைத் திறந்தாள். "வாங்க. தண்ணி மாதிரி இருக்குதுங்க அந்தப் பொடி. சோத்துல போட்டா தெரியறதேயில்ல. பாவம், ராத்திரி நல்லாத் தூங்கினாரு."

மாரப்பன் பின்கட்டில் அதே நாற்காலியில் இருந்தார். இந்த முறை வேட்டி சுத்தமாக இருந்தது. கோயமுத்தூர் ஆட்கள் மாற்றிவிட்டிருக்க வேண்டும். நித்திலா அவர் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அய்யா."

"வாங்க, வாங்க. யாரூட்டுப் புள்ளைங்க நீங்க?"

அவள் பட்டையை முக்கினாள். வெளிர்மஞ்சள். பால்போல் சுத்தமான வெளிர்மஞ்சள். படிவத்தில் 'பத்திய மீறல்' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்றுதான் எழுத முடியும். இனி எந்தக் கிழமை போனாலும், எந்த வீட்டுக்குப் போனாலும், அந்தக் கட்டத்தில் அப்படித்தான் எழுத முடியும்.

ஷேடு நோட்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். அவள் அதை எடுத்துப் பிரித்தாள். கெமிக்கல் நெடிக்கு அவர் மூக்கு லேசாக விடைத்தது. பதின்மூன்று அரக்குச் சிவப்புத் துண்டுகள். கடைசித் துண்டின் பக்கத்தில்: *ஞாயிறு. இன்னைக்கும் சோறு ருசி இல்லை. நல்லது.*

அவர் விரல் அந்தத் துணியைத் தடவியது. நித்திலா அவர் முகத்தையே பார்த்தாள்.

"நல்ல செவப்பு," என்றார். "இது எங்கூட்டுக்காரி சேலைக்கு நான் ஏத்துனது. அவளுக்கு நல்லா இருக்கும்."

"அவங்க..." என்று தொடங்கினாள் நித்திலா.

"கடைக்குப் போயிருக்காங்க மாமா," என்று சமையலறையிலிருந்து கவிதாமணி குரல் கொடுத்தாள். "இப்ப வந்துருவாங்க."

அவர் சிரித்தார். புகைப்படத்தில் கொள்ளிக்குப் பக்கத்தில் நின்று சிரித்த சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

நித்திலா பையைத் திறந்து பேனா எடுத்தாள். அடுத்த வெற்றுப் பக்கத்தில், அவர் தெளிந்து வந்து படிக்கும்போது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக எழுதினாள். *துளசிமணி இல்லை. பதின்மூன்று நாள் உங்களுக்குத் தெரிந்திருந்தது. முன்பக்கங்களைப் பாருங்கள். இனிமேல் ருசியை நம்ப வேண்டாம். பொடி போட்டிருக்கிறார்கள், அதற்கு ருசி கிடையாது. பட்டையிலும் தெரியாது. சோற்றை என் கண்முன் ஆக்கினால் மட்டும் சாப்பிடுங்கள். தினமும் வருவேன்.*

கொஞ்சம் யோசித்தாள். கீழே இன்னொரு வரி எழுதினாள். *இதையெல்லாம் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நித்திலா.*

மாரப்பன் குனிந்து, அவள் எழுதுவதைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நோட்டை மூடியதும், யாருக்கும் கேட்கக் கூடாத ஒரு ரகசியத்தைச் சொல்பவர்போல் வாயை அவள் காதருகே கொண்டுவந்தார்.

"அம்மிணி, போகையில எங்கூட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நாலஞ்சு நாளாச் சோத்துல உப்புப் போட மறந்துடறா."